படகில் எது கெட்டிருக்கிறது? அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்றதும் புது பேட்டரி. நங்கூரம் தூக்கும் வின்ட்லஸ் மந்தமானதும் புது மோட்டார். ஆட்டோபைலட் நடுவில் அணைந்தால் புது ஆட்டோபைலட். நீண்ட பயணம் போகும் பாய்மரப் படகுகளில் நிறையப் பணம் இப்படித்தான் கரைகிறது. புதுப் பொருளை மாட்டிய பிறகும் பழைய கோளாறு அப்படியே இருக்கும். கெட்டது பெரும்பாலும் அந்தப் பொருள் இல்லை. அதற்குப் போகும் ஒயர், அல்லது ஒயரின் நுனியில் இருக்கும் இணைப்பு. உப்புக் காற்று, ஈரம், ஓயாத ஆட்டம் மூன்றும் சேர்ந்த இடத்தில் முதலில் தளர்வது இணைப்புகள்தான்.

அதனால் கீழே சொல்வதெல்லாம் ஒரே வரிசையில் போகும்: என்ன தெரிகிறது, எதை அளக்க வேண்டும், எதைக் கழற்றிப் பார்க்க வேண்டும், கடைசியாக எதை மாற்றலாம். கையில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும், டிசி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரும் இருக்கட்டும். கிளாம்ப் மீட்டரைப் பார்த்து வாங்குங்கள். பல மாடல்கள் ஏசி மட்டும்தான் அளக்கும்.

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி

எஞ்சினைத் தொடும் முன் பேட்டரியை அளங்கள். சார்ஜ் நின்று சில மணி நேரம் ஓய்வில் இருந்த லெட்-ஆசிட் பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.9 அல்லது அதற்கும் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. வேறு எதையும் தேடாமல் முதலில் சார்ஜ் செய்யுங்கள்.

12.7 காட்டுகிறது, ஆனாலும் ‘டக்’ மட்டும்தானா? ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, பேட்டரி முனைகளிலேயே மீட்டரை வையுங்கள். வோல்டேஜ் 10-க்குக் கீழே சரிந்தால் பேட்டரிக்குப் பலம் போய்விட்டது, அல்லது ஸ்டார்ட்டரோ எஞ்சினோ இறுகிப்போய் அளவுக்கு மீறி இழுக்கிறது. 12-க்கு மேலேயே அசையாமல் நின்றால் கரண்ட் ஸ்டார்ட்டர் வழியே ஓடவே இல்லை. வழியில் எங்கோ தடை, அல்லது ஸ்டார்ட்டருக்குள்ளேயே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

தடை இருக்கும் இடத்தைப் பிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் வையுங்கள். கேபிளின் கிளாம்ப்பில் வைக்க வேண்டாம், ஈய முனையிலேயே வையுங்கள். இன்னொரு முள்ளை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டில் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில்தான் கோளாறு. பிறகு முதல் முள்ளை அப்படியே விட்டுவிட்டு, மற்றதை மெயின் சுவிட்சின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் எண் குதிக்கிறதோ, அங்கே இருக்கிறது தடை. இதையே நெகட்டிவ் பக்கமும் செய்யுங்கள்: பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில். பலர் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. ஆனால் எஞ்சினுக்கு அடியில் எண்ணெயிலும் ஈரத்திலும் கிடப்பது இந்தக் கேபிள்தான்.

‘டக்’ சத்தமே வரவில்லை என்றால் பெரிய கேபிளை விட்டுவிடுங்கள். ஸ்டார்ட்டருக்குக் கரண்டை விடும் சுவிட்சான சாலினாய்டுக்குப் போகும் சின்ன ஒயரைப் பாருங்கள். சாவிப் பலகையிலிருந்து எஞ்சின் வரை பல மீட்டர் மெல்லிய ஒயர், நடுவில் ஓரிரண்டு பிளக். சாவியைத் திருப்பும்போது சாலினாய்டின் சின்ன முனையில் 10 வோல்ட்கூட வரவில்லை என்றால், எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு ரிலே போட்டால் தீர்ந்தது. செலவு குறைந்த, ஆனால் ரொம்ப உபயோகமான மேம்பாடு இது.

கெட்ட கேபிளைக் கழற்றியதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நுனியிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு உறையை உரித்துப் பாருங்கள். வெளியே லக் (கேபிள் நுனியில் உள்ள உலோக வளையம்) பளபளவென்று இருக்கும். உள்ளே செம்பு இழைகள் கறுத்து, நடுவில் பச்சைப் பொடி படிந்து, விரலால் வளைத்தாலே முறியும். வெறும் செம்பு ஒயர் இழைகளுக்கு நடுவே ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் கெடுகிறது. படகுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் வேண்டும் என்பது அதனால்தான். லக்கைச் சரியான கருவியால் நெரித்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். சுருங்கும்போது குழாயின் இரண்டு ஓரத்திலும் பசை ஒரு மெல்லிய வளையமாக வெளியே வர வேண்டும். வரவில்லையென்றால் ஈரம் உள்ளே போகும்.

ஓர் எச்சரிக்கை. எஞ்சின் பற்றாமல் ஸ்டார்ட்டரை மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றினால் கடல்நீர் பம்பும் சேர்ந்து சுற்றும். புகையின் வேகம் இல்லாததால் அந்தத் தண்ணீர் வெளியேறாமல் மஃப்ளரில் சேர்ந்து, கடைசியில் எக்ஸாஸ்ட் வழியாக சிலிண்டருக்குள்ளேயே ஏறிவிடும். எஞ்சினையே பாழாக்கும் விஷயம் இது. ஓரிரு முறைக்கு மேல் சுற்ற வேண்டியிருந்தால் கடல்நீர் வால்வை மூடிக்கொள்ளுங்கள். எஞ்சின் பற்றிய அந்த நொடியே திறந்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் ஓட்டினாலும் பேட்டரி நிறையவில்லை

எஞ்சின் ஓடும்போது, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் முனையில் அளங்கள். லெட்-ஆசிட் பேட்டரிக்கு 14.2 முதல் 14.4 வோல்ட் வரை வர வேண்டும். அதையே பேட்டரி முனையிலும் அளங்கள். ஆல்டர்னேட்டரில் 14.3, பேட்டரியில் 13.6 என்றால், நடுவில் பழைய டயோடு ஐசோலேட்டர் (ஒரே சார்ஜைப் பல பேட்டரிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு டயோடும் சுமார் 0.7 வோல்ட்டை விழுங்கும். அந்த 0.7 வோல்ட்டால்தான் பேட்டரி ஆண்டுக்கணக்கில் முழுசாக நிறையாமல், தகடுகளில் சல்ஃபேட் படிந்து சாகிறது. மின்னிழப்பு மிகக் குறைந்த ஐசோலேட்டரையோ, பேட்டரி முனையிலிருந்தே வோல்டேஜைப் பார்க்கும் ரெகுலேட்டரையோ போட்டால் சரியாகும்.

ஆல்டர்னேட்டரிலேயே குறைவாக இருந்தால் பெல்ட்டைப் பாருங்கள். சுற்றிலும் கறுப்புப் பொடி படிந்திருந்தால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது இரண்டு புல்லிகளும் நேர்கோட்டில் இல்லை. பெல்ட் சரியாக இருந்தால் மீட்டரை ஏசிக்கு மாற்றி அதே முனையில் அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி வந்தால் உள்ளே ஒரு டயோடு போயிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது யாராவது மெயின் சுவிட்சை ‘ஆஃப்’ நிலைக்குத் திருப்பியிருந்தால் டயோடு போவதற்கு அதுவே போதும்.

எல்லாமே சரியாக இருக்கிறது, ஆனாலும் நிறையவில்லை என்றால் அது கோளாறே இல்லாமலும் இருக்கலாம். லெட்-ஆசிட் பேட்டரி முதல் பகுதியை வேகமாக வாங்கிக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் நேரம் எடுக்கும். தினம் ஒரு மணி நேரம் எஞ்சின் ஓட்டி அதை நிறைக்க முடியாது. நாள் முழுக்க மெதுவாக ஊட்டும் சோலார் பலகைதான் அந்த வேலைக்குச் சரி.

லித்தியம் பேட்டரிக்கு மாறிய பிறகு ஆல்டர்னேட்டர் எரிந்துவிட்டது

இப்போது அதிகம் பேர் செய்யும் மேம்பாடு இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு உள்தடை மிகக் குறைவு. ஆல்டர்னேட்டர் எவ்வளவு கொடுத்தாலும் ஏறக்குறைய நிறையும் வரை அப்படியே வாங்கிக்கொள்ளும். சாதாரண ஆல்டர்னேட்டர் முழு பலத்தில் மணிக்கணக்கில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதன் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். வெப்பம் ஏறி உள்ளே இருக்கும் செம்புச் சுருளான காயில் வெந்துபோகும்.

இரண்டாவது காரணம் பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டான பி.எம்.எஸ். செல்லின் வோல்டேஜ் எல்லை மீறினால் அது ஒரு நொடியில் பேட்டரியைத் துண்டித்துவிடும். ஓடிக்கொண்டிருந்த கரண்டுக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்டேஜ் எகிறி டயோடுகளைக் கொல்லும். சில சமயம் படகின் எலக்ட்ரானிக்ஸையும் சேர்த்து.

எது நடந்தது என்று கண்டுபிடிக்க, ஆல்டர்னேட்டரைப் பிரித்து உள்ளே பாருங்கள். காயிலின் பூச்சு கருகி நாறினால் வெப்பம். காயில் சுத்தமாக இருந்து டயோடு மட்டும் செத்திருந்தால் திடீர்த் துண்டிப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இதற்கு எனக்குப் பிடித்த ஏற்பாடு, ஆல்டர்னேட்டரை ஸ்டார்ட்டருக்கான லெட்-ஆசிட் பேட்டரியோடு மட்டும் இணைத்து, அங்கிருந்து டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு ஊட்டுவது. சார்ஜர் தன் அளவுக்கு மேல் இழுக்காது. லித்தியம் துண்டித்துக்கொண்டாலும் ஆல்டர்னேட்டருக்கு எப்போதும் ஒரு பேட்டரி இருக்கும். வேகமாகச் சார்ஜ் ஏற வேண்டும் என்பவர்கள் பெரிய ஆல்டர்னேட்டரும், அதன் உடலில் வெப்ப உணரி வைத்த வெளி ரெகுலேட்டரும் போடலாம். செலவும் வேலையும் அதிகம்.

இரண்டு விஷயங்களில் சமரசம் வேண்டாம். லித்தியம் பேட்டரித் தொகுப்பு ஷார்ட் ஆனால் பாயும் கரண்ட் ஆயிரக்கணக்கான ஆம்பியர். சாதாரண ஃபியூஸ் உருகிய பிறகும் நடுவில் மின்பொறி நின்று எரியலாம். கிளாஸ் டி (Class T) வகை ஃபியூஸ் 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கும். அதைப் பேட்டரி முனைக்கு ஒட்டியே வையுங்கள். அடுத்தது, உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது. குளிர்ந்த கடலில் சுற்றுபவர்கள் பி.எம்.எஸ்-ஸில் குளிர்க் காவல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம், லித்தியத்தில் வோல்டேஜைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது, நாளெல்லாம் 13.2 பக்கமே நின்றுவிட்டு கடைசியில் சட்டென்று விழும். ஷண்ட் (போய்வரும் கரண்டை அளக்கும் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர் கட்டாயம் வேண்டும்.

எஞ்சின் சூடேறுகிறது

படகின் பின்பக்கம் போய் எக்ஸாஸ்ட்டைப் பாருங்கள். தண்ணீர் வழக்கம்போல விட்டு விட்டுக் கொட்டுகிறதா, குறைவாக வருகிறதா, வெறும் புகையா?

தண்ணீரே வரவில்லை என்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். கடல்நீர் வால்வு திறந்திருக்கிறதா, வடிகட்டியில் பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வால்வை மூடி, வடிகட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றி, வால்வை ஒரு கணம் திறந்தால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வர வேண்டும். வந்தால் அதுவரை பாதை சுத்தம்; அடுத்தது பம்பின் இம்பெல்லர்.

இம்பெல்லர் ரப்பர். அதைக் குளிர்விப்பதும் வழுக்க வைப்பதும் தண்ணீர்தான். காய்ந்து ஓடினால் சீக்கிரமே இதழ்கள் பிய்ந்துவிடும். புதியதைப் போட்டு மூடிவிட்டால் வேலை முடியவில்லை. பிய்ந்த துண்டுகளை ஒரு துணியில் பரப்பி, பழைய இம்பெல்லரில் விடுபட்ட ஒவ்வோர் இதழுக்கும் துண்டு இருக்கிறதா என்று பொருத்திப் பாருங்கள். குறைந்தால் அது, கடல்நீரால் கூலன்ட்டைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் போய் அடைத்திருக்கும். அந்தப் பக்கத்து மூடியைக் கழற்றினால் கிடைக்கும். கூடவே உடைந்து விழுந்த ஜிங்க் துண்டுகளும் கிடைப்பது வழக்கம். மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரையும் அந்த ஜிங்க் பென்சில் பாதி கரைந்ததும் மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

தண்ணீர் வருகிறது, ஆனால் குறைவு. வேகம் கூட்டினால் மட்டும் சூடேறுகிறது என்றால், எக்ஸாஸ்ட் எல்போவைச் சந்தேகியுங்கள். புகையும் கடல்நீரும் கலக்கும் இடம் அது. உள்ளே கரியும் துருவும் சேர்ந்து துளை சுருங்கிக்கொண்டே வரும். கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். குறைந்த வேகத்திலேயே நிறைய நேரம் எஞ்சின் ஓட்டுபவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

தண்ணீர் தாராளமாக வந்தும் சூடேறினால் உள்சுற்றுக்கு வாருங்கள்: கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட், பெல்ட். தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டு, அதன்மேல் அச்சிட்ட வெப்பநிலையில் திறக்கிறதா என்று பார்க்கலாம்.

அலை இல்லாதபோது ஓடுகிறது, அலையில் நின்றுவிடுகிறது

டேங்க்கின் அடியில் படிந்த கசடும் தண்ணீரும் கலங்கி ஃபில்டரை அடைக்கிறது. டீசலுக்கும் அடியில் தங்கிய நீருக்கும் நடுவில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புக் கொழகொழப்பாகும். ஃபில்டர் கிண்ணத்தில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஃபில்டரை மாற்றினால் அன்றைக்குத் தப்பிக்கலாம், அடுத்த அலையில் மறுபடியும் அதேதான். டேங்க்கைத் திறந்து சுத்தம் செய்வதுதான் தீர்வு. மேம்பாடு என்றால், வால்வைத் திருப்பினால் மாறிக்கொள்ளும் இரட்டை ஃபில்டரும், உறிஞ்சும் பக்கத்தில் ஒரு வேக்குவம் கேஜும் போடுங்கள். முள் நாளுக்கு நாள் ஏறுவதைப் பார்த்து, எஞ்சின் நிற்கும் முன்பே மாற்றிவிடலாம்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் நின்றால், டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் டேங்க்கின் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. அதுவும் இல்லையென்றால் உறிஞ்சும் பக்கத்து இணைப்பு ஒன்றில் காற்று நுழைகிறது. அங்கே டீசல் வெளியே கசியாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. டேங்க்கிலிருந்து பம்ப் வரை ஒவ்வொரு வாஷரையும் மாற்றிக்கொண்டே வருவதுதான் வழி.

பில்ஜில் (படகின் அடிக்குழியில்) தண்ணீர் சேர்கிறது

தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். எண்ணெய் மிதந்தால் மட்டும் வேண்டாம். உப்பில்லை என்றால் குடிநீர்க் குழாயோ மழையோ. யாரும் குழாயைத் திறக்காமலே குடிநீர் பம்ப் இடையிடையே தானாக ஓடுகிறதென்றால் எங்கோ ஒரு கிளிப் கசிகிறது.

உப்பாக இருந்தால் புரொப்பெல்லரைச் சுற்றும் ஷாஃப்டிலிருந்து தொடங்குங்கள். ஷாஃப்ட் வெளியே போகும் துளையை அடைக்கும், பழைய முறை பேக்கிங் உள்ள ஸ்டஃபிங் பாக்ஸ், ஷாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விட வேண்டும். நின்றால் சொட்டக் கூடாது. முழுக்கச் சொட்டாதபடி இறுக்கினால் ஷாஃப்ட் சூடேறித் தேயும். கை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது.

பில்ஜ் பம்ப் ஓடி முடித்த சில நிமிடத்தில் ஒவ்வொரு முறையும் அதே சிறிய அளவு தண்ணீர் மட்டும் திரும்பி வந்தால் கசிவு இல்லை, குழாயில் நின்ற தண்ணீர்தான் திரும்புகிறது. ஆனால் படகு சாயும்போது மட்டும் தண்ணீர் ஏறினால், பம்பின் வெளிவாய் கடலுக்குள் மூழ்கி, கடல்நீர் குழாய் வழியே தானாக உள்ளே ஓடி வரும் சைஃபன் ஆகிறதா என்று உடனே பாருங்கள். படகையே மூழ்கடிக்கக் கூடியது இது. குழாயை நீர்மட்டத்துக்கு வெகு மேலே வளைத்து, வளைவின் உச்சியில் காற்றுவழி வைக்க வேண்டும்.

படகின் உடலைத் துளைத்துப் போகும் வால்வுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் நிறம் போய் இளஞ்சிவப்பு தெரிந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துவிட்டது. மிச்சம் இருப்பது பஞ்சு போன்ற செம்பு. உதைத்தால் உடையும். கடலுக்குப் போகாமல் முதலில் அதை மாற்றுங்கள், வெண்கலமோ துத்தநாகம் கரையாத டி.இசட்.ஆர். பித்தளையோ. நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 5 செ.மீ. விட்டமுள்ள ஒரு துளை நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் தண்ணீரை உள்ளே விடும். சாதாரண பில்ஜ் பம்ப், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், நீண்ட குழாயில் தண்ணீரை மேலே தூக்கும்போது இதற்கு ஈடு கொடுக்காது. அதனால் பெரிய பம்ப் வாங்குவதற்கு முன், ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் அதற்கேற்ற மரக்கட்டை அடைப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

வின்ட்லஸ் மந்தமாகச் சுற்றுகிறது

நங்கூரம் தூக்கும்போது வின்ட்லஸ் மோட்டாரின் முனைகளில் அளங்கள். பேட்டரியில் 12.4, மோட்டாரில் 10 என்றால் மோட்டார் மேல் தப்பில்லை. போக வர 20 மீட்டர் நீளமுள்ள 35 சதுர மி.மீ. கேபிளில் 100 ஆம்பியர் ஓடினால் செம்பிலேயே ஏறக்குறைய 1 வோல்ட் போய்விடும். 70 சதுர மி.மீ. போட்டால் அது பாதியாகும். அதற்கு மேல் தொலைவதெல்லாம் இணைப்புகளில்தான். வின்ட்லஸ் ஓடும்போது சங்கிலிப் பெட்டிக்குள் கையை விட வேண்டாம். நிறுத்திய பிறகு ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள், சூடாக இருப்பதுதான் கெட்டது. பெரிய மோட்டார் வாங்கி இதே கேபிளில் மாட்டினால் இன்னும் அதிகம் இழுத்து இன்னும் மந்தமாகும்.

ஆட்டோபைலட் திடீரென்று அணைகிறது, அல்லது வழி மாறுகிறது

அணைந்து தானே மறுபடி வந்தால் வோல்டேஜ். சுக்கானை வேகமாகத் திருப்பும் நொடியில் கம்ப்யூட்டர் பெட்டியின் முனையில் அளங்கள். பேட்டரிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் 3 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது; 12 வோல்ட்டில் அது 0.36.

அணையாமல் வழி மட்டும் 10, 20 டிகிரி விலகினால், திசைகாட்டி உணரிக்குப் பக்கத்தில் யார் என்ன வைத்தார்கள் என்று தேடுங்கள். இருக்கைக்கு அடியில் அடுக்கிய டின் உணவு, கருவிப்பெட்டி, புதிதாக மாட்டிய ஸ்பீக்கர். எடுத்ததும் சரியாகிவிடும். பெரிய கரண்ட் ஓடும் கேபிளை உணரிக்கு அருகே புதிதாக இழுத்திருந்தாலும் இதே கதைதான்; பாசிட்டிவையும் நெகட்டிவையும் ஒட்டி முறுக்கி ஓட்டுங்கள்.

வின்ச், டாய்லெட், ஃபர்லர்

பாய்க்கயிறு இழுக்கும் வின்சில் ‘டிக் டிக்’ சத்தம் மங்கினால் உள்ளே இருக்கும் பால்கள் (pawl, பின்பக்கம் சுழலாமல் தடுக்கும் சின்ன நாக்குகள்) ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பல்சக்கரத்துக்கு கிரீஸ், பாலுக்கும் அதன் ஸ்பிரிங்குக்கும் மெல்லிய எண்ணெய் மட்டும். பாலில் கிரீஸ் போட்டால் அது ஒட்டி, கைப்பிடி எதிர்ப்பக்கம் சுழன்று மணிக்கட்டை உடைக்கும். பிரிக்கும் முன் நடுவில் துளையிட்ட அட்டைப்பெட்டியை வின்சின்மேல் கவிழ்த்துக்கொண்டால் ஸ்பிரிங் கடலுக்குள் துள்ளாது.

டாய்லெட் கிண்ணத்தில் தண்ணீர் தானாக ஏறினால் வெளிக்குழாயில் உள்ள ரப்பர் ஜோக்கர் வால்வு தளர்ந்துவிட்டது. பம்ப் கனமாகிக்கொண்டே வந்தால் குழாயில் சுண்ணாம்புப் படிவு. குழாயையே மாற்றுவது, சுரண்டுவதைவிட சீக்கிரம் முடியும்.

முன்பாயைச் சுருட்டும் ஃபர்லர் சிக்கினால் வின்சில் போட்டு இழுக்காதீர்கள். உச்சியில் ஹால்யார்ட் (பாயை மேலே ஏற்றும் கயிறு) முன்கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கும். வலிந்து இழுத்தால் கம்பி இழைகளை முறுக்கிப் பிரித்துவிடும், பாய்மரமே விழலாம். பைனாகுலரால் பாருங்கள். ஹால்யார்ட், முன்கம்பியிலிருந்து குறைந்தது 8 டிகிரியாவது விலகி நிற்க வேண்டும். இல்லையென்றால் அதைத் தள்ளிப் பிடிக்கும் வளையம் ஒன்றைப் பாய்மரத்தில் பொருத்தச் சொல்லுங்கள். மேலே ஏறும்போதே கம்பிகளின் நுனியில் நெரித்துப் பொருத்திய உலோகக் குழல்களான ஸ்வேஜ்களையும் பார்த்துவிடுங்கள். துருக்கோடு வழிந்திருந்தால் துணியால் துடைத்து, பூதக்கண்ணாடியில் வெடிப்பு தேடுங்கள். ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கம்பியின் ஆயுள் முடிந்தது. அதே வயதுள்ள மற்றக் கம்பிகளையும் சேர்த்தே மாற்றுங்கள்.